எந்திரத்தின் கண்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் கழகத்தின் தொழிற்பயிற்சிக் குழுவினர் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் பேச வருவோர் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசுவதே வழக்கம். எங்களுக்கு இடப்பட்ட பணி வேறு. நமது தொழிற்கூடத்திலுள்ள லேசர் வெட்டு எந்திரத்திற்குக் காமிரா ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொருத்திய முறையை, அடுத்து வரும் பிள்ளைகளுக்குப் பயன்படுமாறு எடுத்துரைக்கும்படி செயற்குழு பணித்தது. விழா மேடைக்கு இது மிகச் சிறிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் அவ்வாறு எண்ணவில்லை. இந்தச் சிறிய வேலையில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். அப்பிழைக்கு ஒரு பிள்ளையைக் குற்றவாளி ஆக்கினோம். அதனையும் மறைக்காமல் சொல்லவேண்டும் என்பதற்காகவே இம்மேடையில் நிற்கிறோம்.

எந்திரம் அறிந்ததும் அறியாததும்

லேசர் ஒளியை முதன்முதலில் தோற்றுவித்தவர் அமெரிக்க அறிவியலார் தியோடர் மைமன், ஆண்டு 1960. நமது தொழிற்கூட எந்திரத்தில் இருப்பது கரியமில வாயு லேசர். அதனை 1964 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தவர் குமார் பட்டேல். அவர் மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் பிறந்து, புனே பொறியியற் கல்லூரியில் பயின்றவர். அந்தக் கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். மனிதக் கண் அதனைக் காண இயலாது. காமிராவும் அதனைக் காண இயலாது. இதனை முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள். காமிரா வெட்டும் கதிரைப் பார்ப்பதன்று. வெட்டப்படும் பொருளைப் பார்ப்பது.

எந்திரத்தின் தலையை இரண்டு மின்னோடிகள் நகர்த்துகின்றன. மூலையிலிருந்து 200 மில்லிமீட்டர் வலப்பக்கம், 150 மில்லிமீட்டர் உட்பக்கம் செல்க என்றால், அது அவ்விடத்திற்குப் பிசகின்றிச் செல்லும். ஆனால் அவ்விடத்தில் தோல் இருக்கிறதா, வெறும் மேடை இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. நேர்த்தியான சதுரப் பலகையை மூலையில் முட்டவைத்து வெட்டுவோர்க்கு இதனால் தொல்லை இல்லை. நமக்கோ அவ்வாறன்று. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் வெட்டியபின் எஞ்சும் துண்டுகள் ஒன்றைப்போல் ஒன்று இரா. ஒன்று மூன்று மூலை, ஒன்று ஐந்து மூலை. ஒன்றில் தழும்பு, ஒன்றில் துளை. அத்துண்டின் எந்த இடத்தில் உருவை வைத்தால் வீண் குறையும் என்பதை நம் முன்னோர் கண்ணளவாலேயே அறிந்தனர். அந்தக் கண்ணளவை எந்திரத்திற்கு ஊட்டுவதே காமிராவின் வேலை. மேடையின் படம் கணிப்பொறித் திரையில் விழும். அப்படத்தின்மேல் நாம் வரைந்த உருவை நகர்த்தி, துண்டுக்குள் அமையுமாறு வைத்து, வெட்டுமாறு ஆணையிடலாம்.

11 பட்டைகள்

நமது எந்திரத்தின் மேடை 600 மில்லிமீட்டர் நீளமும் 400 மில்லிமீட்டர் அகலமும் உடையது. காமிராவைப் பொருத்தி, தாளில் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று மகிழ்ந்திருந்த வேளையில் ஒரு நிறுவனத்தார் 40 தோல் பட்டைகள் கேட்டனர். புத்தகத்தில் அடையாளமாக வைக்கும் பட்டைகள்; ஒவ்வொன்றிலும் ஒருவரின் பெயர். துண்டுத் தோலிலிருந்து பட்டைகளை நம் மூத்தவர்கள் கையாலேயே வார்ந்து கொடுத்தனர். பெயருக்கு இருபுறமும் 3 மில்லிமீட்டர் ஓரம் மட்டுமே இருந்தது. பயிற்சியில் இருந்த ஓர் இளைஞனும் ஒரு மாணவியும் முதல் தவணையாக 20 பட்டைகளை மேடையில் பரப்பிப் பெயர்களைப் பொறித்தனர். அவற்றுள் 11 கெட்டன. எழுத்துகள் ஒருபுறமாக ஒதுங்கி, சிலவற்றில் விளிம்பைத் தாண்டிவிட்டன.

அப்போது எங்களுள் மூத்த பயிற்றுநர் ஒருவர், "கை பதறியிருக்கும், பொறுமை இல்லாதவனுக்கு இவ்வேலை வாராது" என்று அந்த இளைஞனைப் பார்த்துச் சொன்னார். மற்றவர்கள் மறுக்கவில்லை. மறுக்காதது சொன்னதற்கு ஒப்பாகும். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

"உனக்கு இது வாராது" என்னும் சொல்லை நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளி வாயிலில் எத்தனை தலைமுறை கேட்டிருக்கிறார்கள்! அந்தச் சொல்லைப் போக்கவே இக்கழகம் தோன்றியது. அதே சொல் நம் தொழிற்கூடத்திற்குள் எங்கள் வாயிலிருந்தே வந்தது. கேட்டவனுக்கு வலித்தது; சொன்ன எங்களுக்கு அன்று வலிக்கவில்லை.

வலித்தது அந்த மாணவிக்கு. அவள் ஒன்றும் பேசாமல், கெட்ட பட்டைகளையும் கெடாத பட்டைகளையும் அவை இருந்த இடங்களிலேயே மீண்டும் வைத்தாள். வெர்னியர் அளவியை எடுத்து, எழுத்து எவ்வளவு விலகியுள்ளது என்று ஒவ்வொன்றாக அளந்து குறிப்பேட்டில் எழுதினாள். நடுவில் இருந்தவற்றில் விலகல் இல்லை. நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளியிருந்தவற்றில் 2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இடவல ஓரங்களை ஒட்டியிருந்தவற்றில் 3½ மில்லிமீட்டர். எல்லா விலகலும் நடுவிலிருந்து வெளிநோக்கியே இருந்தன. கை பதறினால் பிழை நாற்றிசையும் சிதறும். இவ்வாறு வரிசை பிடித்து நில்லாது. பிழைக்கு ஓர் ஒழுங்கு இருக்குமானால் அதற்கு ஒரு காரணமும் இருக்கும். அந்தக் காரணம் இளைஞனின் கையில் இல்லை. எங்கள் பொருத்தத்தில் இருந்தது. அது யாது என்பதை அறிய, காமிராவைத் தேர்ந்தெடுப்பது முதற்கொண்டு பார்த்துவரவேண்டும்.

தேர்வு: முதலில் அளவுகோல், பிறகு கடை

காமிரா வாங்கச் செல்லுமுன் இரண்டு அளவுகள் கையில் இருக்கவேண்டும். ஒன்று, மேடையின் நீளமும் அகலமும். மற்றொன்று, காமிராவை வைக்கக்கூடிய உயரம். இவ்விரண்டும் சேர்ந்து லென்சின் பார்வைக் கோணத்தை முடிவு செய்யும். பத்தாம் வகுப்பு முக்கோணவியல் இங்கே போதும். மேடை நீளத்தின் பாதியைப் பார்வைக் கோணத்தின் பாதிக்குரிய டேன்ஜென்டால் வகுத்தால் வேண்டிய உயரம் கிடைக்கும். ஓரத்தில் சிறிது இடம் மிஞ்சவேண்டும் என்பதால் அதனோடு 10 விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம். 600 மில்லிமீட்டர் மேடைக்குக் கணக்கிட்டால், கிடைமட்டக் கோணம் 60 பாகையுள்ள லென்சுக்கு ஏறத்தாழ 570 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். 90 பாகைக்கு 330 மில்லிமீட்டர். 120 பாகைக்கு 190 மில்லிமீட்டர். விற்போர் சிலர் மூலைக்கு மூலை அளந்த கோணத்தைச் சொல்லுவர். கிடைமட்டக் கோணம் அதனினும் குறைவு. ஆகவே எந்தக் கோணம் என்று கேட்டறிந்தே வாங்கவேண்டும்.

கோணம் விரிந்த லென்சு எல்லாவற்றையும் அருகிலிருந்தே காட்டிவிடும். அதுவே சிறந்தது என்று தோன்றும். அவ்வாறன்று. விரிந்த லென்சில் நேர்க்கோடு வில்லாக வளையும். அத்தகைய லென்சுக்கு மீன்விழி என்று பெயர். நீருக்குள் இருக்கும் மீன் மேலே பார்த்தால் உலகம் எவ்வாறு தோன்றும் என்று ஆராய்ந்த அமெரிக்க இயற்பியலார் இராபர்ட் உட் 1906 இல் வைத்த பெயர் அது. 120 பாகை மீன்விழியின் ஓரத்தில் ஒரு படப்புள்ளி, நடுவில் காட்டும் நீளத்தைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு நீளத்தைத் தனக்குள் அடக்கிக்கொள்ளும். அதாவது ஓரத்தில் தெளிவு நான்கில் ஒரு பங்காகும். எனவே இடம் அனுமதிக்கும் அளவுக்கு உயரே வைத்து, கோணம் குறைந்த லென்சைத் தேர்வதே அறிவுடைமை. உயரம் இல்லாத சிறு பெட்டிகளுக்கே 120 பாகை.

அடுத்து, படப்புள்ளிகளின் எண்ணிக்கை. 5 மெகாபிக்சல் காமிரா என்பது பொதுவாக 2592 புள்ளி நீளமும் 1944 புள்ளி உயரமும் உள்ள படத்தைத் தருவது. 660 மில்லிமீட்டர் நீளத்தை அது 2592 ஆகப் பங்கிடும்போது, ஒரு புள்ளிக்குக் கால் மில்லிமீட்டர் வரும். நம் தேவைக்கு அது போதும். 1920க்கு 1080 என்னும் அகலத்திரைப் படம் விலை குறைவுதான். ஆனால் அது 660 மில்லிமீட்டர் நீளத்தைக் காட்டும்போது அகலத்தில் 371 மில்லிமீட்டரே காட்டும். நம் மேடையின் அகலமோ 400. ஆகவே நான்குக்கு மூன்று என்னும் வடிவமே நமக்குப் பொருந்தியது. புள்ளிகள் பெருகப் பெருகத் துல்லியம் வளரும் என்று நம்பிப் பணத்தை இறைக்கவேண்டா. பிழை பெரும்பாலும் புள்ளியில் பிறப்பதில்லை, பொருத்தத்தில் பிறக்கிறது.

மூன்றாவது, தானே குவியம் தேடும் காமிராவை விலக்கவேண்டும். குவியம் மாறும்போது படத்தின் அளவும் சிறிது மாறும். இன்று அளந்து வைத்த அளவு நாளைக்கு நில்லாது. கையால் திருகிக் குவித்து, வளையத்தால் இறுக்கிவிடக்கூடிய சிறு திருகு லென்சே நல்லது. நான்காவது, கணிப்பொறியில் யு.எஸ்.பி. கம்பியைச் செருகியதும் தனி மென்பொருள் கேளாமல் இயங்கும் பொதுமுறைக் காமிராவாக இருத்தல் வேண்டும். லைட்பர்ன் போன்ற லேசர் மென்பொருள்கள் அத்தகைய காமிராவைத் தாமே அடையாளம் கண்டுகொள்ளும்.

பொருத்தம்: அசையாமையே முதல் விதி

நாங்கள் 90 பாகை லென்சைத் தேர்ந்து, எந்திரத்தின் மூடியின் உட்புறத்தில் பொருத்தினோம். மூடியைத் திறந்து நிறுத்தும்போது காமிரா மேடையின் நடுவுக்கு மேலே 330 மில்லிமீட்டர் உயரத்தில் வந்து நிற்கும். திறந்த நிலையில் படம் எடுத்து, உருவை அமைத்து, மூடியபின் வெட்டவேண்டும்.

இம்முறையில் ஓர் இடர் உண்டு. மூடி ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்குமா? கீல் தளர்ந்திருக்கும்; மூடியைத் தாங்கும் வாயுத்தண்டு நாளாக நாளாக இறங்கும். மூடி சிறிது தாழ்ந்தாலும் படத்தில் எல்லா இடமும் நகர்ந்துவிடும். ஆகவே மூடி சென்று முட்டி நிற்க உறுதியான இரும்புத் தடை ஒன்றை வைத்தோம். காமிராவைத் தாங்கும் தகடும் இரும்பே. ஒட்டுநாடாவில் தொங்கும் காமிரா வெயிலில் ஒரு நாள், குளிரில் ஒரு நாள் என்று வேறு வேறு இடத்தைப் பார்க்கும்.

கரியமில வாயுக் குழாய்க்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் செல்கிறது. அக்கம்பியை ஒட்டிக் காமிராவின் கம்பியைக் கொண்டுபோனால் படம் அறுந்து அறுந்து வரும். இரண்டையும் இடைவெளி விட்டு வேறு பக்கமாகக் கொண்டு செல்க. சாதாரண யு.எஸ்.பி. கம்பி 5 மீட்டருக்கு மேல் நீளக்கூடாது. வெளிச்சம் மேடை முழுதும் ஒரே சீராக விழவேண்டும். பளபளப்பான அக்ரிலிக் பலகை விளக்கைக் கண்ணாடிபோல் காட்டி விளிம்பை மறைக்கும். அதன்மேல் காகித ஒட்டுநாடா ஒட்டினால் கூச்சம் நீங்கும். வெட்டும்போது எழும் புகை லென்சில் படியும். மெல்லிய துணியால் துடைக்கும்போது லென்சு திரும்பிவிடாதபடி காத்துக்கொள்ளவேண்டும்.

கோணலை நீக்கல்

காமிரா பொருந்திவிட்டது. ஆயினும் அது காட்டும் படம் உண்மையன்று. லென்சு வளைத்த உண்மை. அதனை நேராக்க மென்பொருளுக்கு ஒரு பாடம் கற்பிக்கவேண்டும். கறுப்புப் புள்ளிகளோ சதுரங்கக் கட்டங்களோ ஒழுங்காக அச்சிட்ட தாளைக் காமிராவின் முன் வெவ்வேறு இடங்களில் காட்டுகிறோம். தாளில் உள்ளவை ஒழுங்கானவை என்று மென்பொருளுக்குத் தெரியும். படத்தில் அவை எவ்வாறு வளைந்து தோன்றுகின்றன என்பதைக் கண்டு, லென்சின் குணத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். இவ்வாறு தட்டையான ஒரே தாளைப் பல நிலைகளில் காட்டிக் காமிராவை அளவிடும் முறையைச் செங்யூ சாங் என்னும் ஆய்வாளர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்குமுன் இவ்வேலைக்கு நுட்பமாகக் கடைந்த அளவுப்பொருள்கள் வேண்டியிருந்தன. இன்று அச்சிட்ட ஒரு தாள் போதும்.

தாள் போதும் என்றாலும் தாள் சுருங்கக்கூடாது, நெளியக்கூடாது. கனத்த அட்டையில் ஒட்டித் தட்டையாக்கிக்கொள்க. நடுவில் ஒன்று, நான்கு பக்கங்களில் நான்கு, நான்கு மூலைகளில் நான்கு என 9 நிலைகளில் படம் எடுக்கவேண்டும். மூலைகளை விட்டுவிட்டால் மூலைகளிலேயே பிழை நிற்கும். ஒவ்வொரு படத்திற்கும் மென்பொருள் ஒரு மதிப்பெண் தரும். பள்ளித் தேர்வைப்போல் கூடுவது நல்லதன்று. இங்கே குறைவதே நல்லது. ஒன்றுக்கும் கீழே, எவ்வளவு குறையுமோ அவ்வளவு நன்று. மதிப்பெண் மிகுந்த படத்தைத் தள்ளிவிட்டு மீண்டும் எடுங்கள். இதற்குப்பின் லென்சைத் திருகினாலோ, படத்தின் அளவை மாற்றினாலோ, பாடம் முழுவதையும் மறுபடி கற்பிக்கவேண்டும்.

மேடையோடு இணைத்தல்

இனி, படத்தின் எந்தப் புள்ளி மேடையின் எந்த இடம் என்பதை இணைக்கவேண்டும். மேடையில் ஒரு பெரிய அட்டையை விரித்து, எந்திரத்தைக் கொண்டே நான்கு மூலைகளிலும் எண்ணிட்ட நான்கு குறிகளைப் பொறிக்கிறோம். அட்டையை அசைக்காமல் தலையை ஒதுக்கி, மூடியைத் தடைவரை திறந்து, படம் எடுக்கிறோம். திரையில் அந்நான்கு குறிகளின் நடுவையும் வரிசைப்படி சுட்டிக்காட்டுகிறோம். ஒரு தட்டையான பரப்பைச் சாய்ந்த கண்ணிலிருந்து நேரான கண்ணுக்கு மாற்ற அறியவேண்டிய எண்கள் 8. ஒரு குறி 2 எண்களைத் தரும். நான்கு குறிகள் 8 எண்களைத் தரும். ஆகவேதான் நான்கு குறி.

குறியின் நடுவைச் சுட்டும்போது படத்தைப் பெரிதாக்கிச் சுட்டவேண்டும். இங்கே கை அரை மில்லிமீட்டர் தவறினால், பிறகு வெட்டும் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் தவறும். பதறாத காரியம் சிதறாது என்று முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

கனம்: எங்கள் பிழை

இப்போது அந்த 11 பட்டைகளுக்கு வருகிறோம். நான்கு குறிகளை நாங்கள் பொறித்தது மெல்லிய அட்டையில். பட்டைகளோ 2 மில்லிமீட்டர் கனமுள்ள தோல்; அடியில் 2 மில்லிமீட்டர் மரப்பலகை. தோலின் முகம் அட்டையின் முகத்தைக் காட்டிலும் 4 மில்லிமீட்டர் உயர்ந்துவிட்டது. லேசரின் குவியத்தை லென்சுக்குழாயை உயர்த்திச் சரிசெய்தோமேயன்றி, காமிராவை நினைக்கவில்லை.

காமிராவுக்கு உயரம் தெரியாது. மேடையின் ஓரத்தில் உயர்ந்து நிற்கும் பொருளை அது சாய்வாகப் பார்க்கிறது. அதனால் அப்பொருள் இருக்கும் இடத்திற்கு அப்பால் இருப்பதாகக் கொள்கிறது. எந்திரமும் அந்த அப்பாலில் சென்று பொறிக்கிறது. நடுவிலோ பார்வை நேர்செங்குத்து. ஆகவே பிழை இல்லை. 330 மில்லிமீட்டர் உயரத்துக் காமிராவுக்கு, நடுவிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி 4 மில்லிமீட்டர் உயர்ந்த பொருள் 3.7 மில்லிமீட்டர் விலகித் தோன்றும். 150 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் 1.8. மாணவியின் குறிப்பேட்டிலிருந்த எண்களும் கணக்கில் வந்த எண்களும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. அந்தக் கணக்கு நாங்கள் படிக்காத கணக்கன்று. ஒத்த முக்கோணங்கள் பற்றிய பள்ளிப் பாடம்தான். எங்களுக்கு அது கரும்பலகையில் தெரிந்தது, தொழிற்கூடத்தில் தெரியவில்லை.

இதே 4 மில்லிமீட்டர் உயரம், 190 மில்லிமீட்டரில் வைத்த 120 பாகைக் காமிராவில் 6 மில்லிமீட்டருக்கு மேல் பிழை தந்திருக்கும். 570 மில்லிமீட்டரில் வைத்த 60 பாகைக் காமிராவில் 2 மில்லிமீட்டர் அளவே தந்திருக்கும். உயரே வைக்கவேண்டும் என்று முன்னர்ச் சொன்னதன் மற்றொரு பயன் இது.

தீர்வு எளிது. பொருளின் மேல்முகம் எப்போதும் காமிராவிலிருந்து ஒரே தொலைவில் இருக்கவேண்டும். மேடையையே ஏற்றி இறக்கக்கூடிய எந்திரத்தில், கனத்திற்கு ஏற்ப மேடையை இறக்கிவிட்டால் லேசர் குவியமும் காமிராப் பார்வையும் ஒருங்கே சரியாகும். மேடை நிலையாக உள்ள எந்திரத்தில், பொருளுக்கு அடியில் வைக்கும் பலகையை மாற்றி மேல்முகத்தைச் சமமாக்கலாம். அதுவும் இயலாதபோது, வெட்டப்போகும் பொருளின் கனத்திலேயே நான்கு குறி வேலையை மீண்டும் செய்யவேண்டும். நாங்கள் இரண்டாவது வழியைக் கைக்கொண்டோம். வெவ்வேறு கனத்தில் பலகைகளை அறுத்து, ஒவ்வொன்றின்மேலும் எண்ணெழுதி வைத்திருக்கிறோம்.

சோதனையும் எல்லையும்

நாள்தோறும் வேலை தொடங்குமுன் ஒரு சோதனை செய்க. கழிவு அட்டையில் பேனாவால் நடுவில் ஒன்றும் மூலைகளில் நான்குமாக ஐந்து கூட்டல் குறிகள் இட்டு மேடையில் வைத்துப் படம் எடுத்து, அவற்றின்மேலேயே எந்திரத்தால் ஐந்து குறிகள் பொறியுங்கள். இரண்டிற்கும் உள்ள விலகலை அளந்து, நாளும் கனமும் குறித்து ஏட்டில் எழுதுங்கள். எல்லாக் குறிகளும் ஒரே பக்கம் ஒரே அளவு நகர்ந்திருந்தால் மூடியோ தாங்கியோ அசைந்திருக்கிறது. நடுவிலிருந்து வெளியே விரிந்திருந்தால் கனம் பொருந்தவில்லை. மூலைகளில் மட்டும் கோணியிருந்தால் லென்சின் பாடம் போதவில்லை. ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் மட்டுமே கையையும் குறி சுட்டிய பொறுமையையும் ஐயுறுங்கள், அதுவும் கடைசியில்.

காமிராவின் எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும். நன்றாகப் பொருத்திய காமிராவிடம் அரை முதல் ஒரு மில்லிமீட்டர் துல்லியம் எதிர்பார்க்கலாம். அதற்கும் மேல் வேண்டுமாயின், ஒரே அளவான பொருள்களை அமர்த்தும் பிடிசட்டத்தை அட்டையிலேயே வெட்டிக்கொண்டு அதற்குள் வைத்துப் பொறிப்பதே முறை. அச்சிட்ட தாளை வெட்டவேண்டுமாயின், தாளிலேயே இரண்டு அடையாளக் குறிகளை அச்சிட்டு, எந்திரத்தின் சிவப்பு ஒளிப்புள்ளியை அவற்றின்மேல் நிறுத்திக் காட்டி வெட்டும் வசதி மென்பொருளில் உண்டு. காமிரா இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதன் தலையில் சுமத்தலாகாது.

காமிரா காவலாளியும் அன்று. படம் திரையில் தெரிகிறது என்று எந்திரத்தை விட்டு அகலாதீர்கள். மூடி திறந்தால் கதிரை நிறுத்தும் பாதுகாப்பு விசையை எக்காரணம் கொண்டும் செயலிழக்கச் செய்யாதீர்கள். பி.வி.சி. கலந்த செயற்கைத் தோலை இந்த எந்திரத்தில் வைக்காதீர்கள். அது எரியும்போது ஐதரசன் குளோரைடு என்னும் நச்சு வாயு எழும். அது நுரையீரலையும் அரிக்கும், எந்திரத்தையும் அரிக்கும். குரோமியத்தால் பதனிட்ட தோலின் புகையும் சாம்பலும் தீங்கானவை. காலணிக்கென வரும் தோலில் பெரும்பங்கு அவ்வகையே ஆதலால், துண்டுத் தோல் வாங்கும்போது கேட்டறிந்து, மரப்பட்டையால் பதனிட்டதை மட்டும் வாங்குகிறோம். ஆவாரம்பட்டையால் தோல் பதனிடும் தொழிலைத் தம் கைகளால் வளர்த்தவர்களின் வழிவந்தோர் நம்மில் பலர். பதனிடும் தொட்டியருகே நின்ற அவர்களின் நுரையீரலைக் குறித்துக் கேட்பார் இல்லை. இன்று கேட்க நாம் இருக்கிறோம். புகைபோக்கி சுழலாமல் எந்திரம் சுழலக்கூடாது என்பது நமது தொழிற்கூடத்தின் முதல் விதி.

நிறைவாக

மூன்றாம் நாள் எங்களுள் இருவர் அந்த இளைஞனின் வீட்டிற்குச் சென்றோம். அவனைக் குறை கூறிய மூத்த பயிற்றுநரே குறிப்பேட்டை எடுத்து வந்தார். திண்ணையில் அமர்ந்து, அவன் தாயார் முன்னிலையில், எண்களைக் காட்டி, "தம்பி, பிழை எங்களுடையது" என்றார். அவன் நெடுநேரம் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்படியானால் பலகையைக் கொஞ்சம் இழைத்தால் சரியாகுமா?" என்று கேட்டான். மன்னிப்பை ஏற்றுக்கொண்டானா என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வந்தான்.

கெட்ட 11 பட்டைகளுக்கு ஈடாகக் குழுவின் செலவில் தோல் வாங்கி, மூத்தவர்கள் மீண்டும் வார்ந்து தந்தனர். 40 பட்டைகளும் உரிய நாளில் சென்று சேர்ந்தன. கெட்டவற்றுள் ஒன்றை எந்திரத்தின் அருகே ஆணியில் மாட்டியிருக்கிறோம்; பக்கத்தில் அந்தக் குறிப்பேடும் தொங்குகிறது. புதிதாக வரும் ஒவ்வொரு மாணவர்க்கும் முதல் நாள் பாடம் அவ்விரண்டிலிருந்தே தொடங்குகிறது.

இளைஞர்களே! உங்கள் வேலையில் பிழை நேரும்போது, உங்களைப் பார்த்துச் சொல்லப்படும் சொல்லுக்கு அஞ்சி ஓடாதீர்கள். உங்களை நீங்களே பழிக்கவும் செய்யாதீர்கள். அளவியை எடுங்கள். எங்கே, எவ்வளவு, எத்திசையில் என்று அளந்து எழுதுங்கள். பெரியோர்களே, பயிற்றுநர்களே! பிள்ளையின் கையைக் குறை சொல்லுமுன் நாம் பொருத்தியதை ஒரு முறை அளந்து பார்ப்போம். அதற்கு ஆகும் நேரம் அரை மணி. அளக்காமல் நாங்கள் சொன்ன ஒரு சொல்லுக்கு ஒரு பிள்ளையின் இரண்டு நாள் போயிற்று. அந்த மாணவி அளவியை எடுத்திராவிட்டால் அவனையே இழந்திருப்போம்.

தொழிற்கூடம் ஞாயிறு தவிர எல்லா நாளும் மாலையில் திறந்திருக்கும். வாருங்கள்; எந்திரத்தின் கண்ணை நீங்களும் ஒரு முறை பொருத்திப் பாருங்கள்.